காளான் கட்டை: கணினிப் பண்ணையும் மலாக்காப் பால்மரக்காடும்

1. ஆய்வுப் பொருள்

எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் தனியாளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட பண்ணை விளையாட்டு 'ஸ்டார்டியூ வேலி'. 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பில் 'காளான் கட்டை' சேர்ந்தது. அதன் விதிகள் இயற்கையோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன? இதற்கு உரைகல்லாக மலாக்கா மாநிலத் தோட்டங்களைக் கொள்கிறோம். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்பிடித்ததே இம்மாநிலத்தில்தான்: 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் நட்டார், பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டார்.

2. விளையாட்டின் விதிகள்

கடினமரம் 10, பாசி 10 சேர்த்தால் ஒரு கட்டை தயார். நான்கு நாளுக்கு ஒருமுறை காளான் தரும். மழை பெய்தால் முன்னதாகவே தரும். சுற்றிலுமுள்ள 7×7 கட்டத்துக்குள் நிற்கும் மரங்களைப் பொறுத்துக் காளானின் வகை மாறும். மரம் கூடினால் விளைச்சல் கூடும்.

3. தோட்டத்துக் கட்டை

3.1 உணவாகும் காளான்

பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டு பால் தந்தபின் மறுநடவுக்காக வீழ்த்தப்படும். மழையில் கிடக்கும் அக்கட்டையில் முதலில் குடியேறுபவற்றுள் ஒன்று சிசோஃபில்லம் கொம்யூன். உணவாகும் இதை மலாய்க்காரர் 'செண்டாவான் கூக்கூர்' என்பர். நகத்தளவு விசிறிபோல் வரிசையாகப் பட்டையில் ஒட்டியிருக்கும். மேற்புறம் வெண்மயிர், அடிப்புற மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் பிளந்திருக்கும். வெயிலில் அம்மடிப்புகள் சுருண்டு மூடிக்கொள்ளும். மழை பட்டால் மீண்டும் விரியும். புற்றுக்காளானை இக்கட்டைக் காளான் வகையில் சேர்க்கலாகாது. அது கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையின் பூப்பு.

3.2 பகையாகும் காளான்

எல்லாக் காளானும் விளைச்சலன்று. ரப்பரின் வெண்வேர் நோய்க்குக் காரணமான ரிஜிடோபோரஸ் பழைய அடிக்கட்டையில் தங்கி, வேரோடு வேர் தொட்டு இளங்கன்றுக்குப் பரவும். செம்பனையில் அதே கேட்டைச் செய்வது கனோடெர்மா. ஆகவே மறுநடவின்போது நோய்பட்ட அடிக்கட்டையைத் தோண்டி அகற்றுவர். விளையாட்டில் பரிசாக வருவது தோட்டத்தில் அபாய அறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

4. ஒப்பீடு

அ) ஈரம்: விதி சரி. ஜப்பானில் ஷிட்டாக்கே வளர்ப்போர் கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்தே காளானை வரவழைக்கின்றனர்.

ஆ) அண்டை மரம்: பாதி சரி. அண்டை மரம் நிழலும் ஈரப்பதமும் தரும். ஆனால் எந்தக் காளான் முளைக்கும் என்பது கட்டையின் மரவகையையும் அதில் முந்திக் குடியேறிய வித்தையும் பொறுத்தது. விளையாட்டில் வரும் சாண்டரெல், மெய்யுலகில் உயிருள்ள வேரோடு கூடி வாழ்வது. வெட்டிய கட்டையில் முளைப்பதன்று.

இ) காலம்: விளையாட்டின் ஆண்டு 112 நாள். நான்கு நாள் என்பது ஆண்டில் 28-இல் ஒரு பங்கு. நம் கணக்கில் சுமார் 13 நாள். மெய்யான ஷிட்டாக்கே கட்டையில் வித்திட்டபின் முதற்காளானுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க வேண்டும்.

ஈ) தேய்மானம்: பெரும்பிழை இங்குதான். விளையாட்டின் கட்டை என்றும் தீராது. பூஞ்சையோ மரத்தின் லிக்னினையும் செல்லுலோஸையும் தின்றே காளானாகிறது. சில ஆண்டில் கட்டை பொடியாகிவிடும். காளானின் எடை, கட்டை இழந்த எடையிலிருந்து வந்தது.

5. இன்றைய வடிவம்

ரப்பர் மரம் தளவாடத் தொழிலுக்குப் போனபின், மலேசியாவில் காளான் வளர்ப்பும் கட்டையை விட்டு மரத்தூளுக்கு மாறியது. ரப்பர் மரத்தூள் 100, தவிடு 10, சுண்ணாம்பு 1 என்ற விகிதத்தில் கலந்து, பையில் அடைத்து, நீராவியில் அவித்து, ஆறியபின் வித்திடுவர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் பை முழுதும் வெண்மை படரும். பிறகு சிப்பிக்காளான் பூக்கும். தமிழ்நாட்டில் இதே வேலைக்கு வைக்கோல் பயன்படுகிறது. சில அறுவடைக்குப்பின் பை ஓய்ந்து, எருவாகும்.

6. முடிவு

ஈரத்தையும் நிழலையும் சரியாகக் கற்பிக்கும் இவ்விளையாட்டு, விளைச்சலுக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு சிப்பிக்காளான் பையை வைத்து, முதல் நாளும் கடைசி அறுவடைக்குப் பின்னும் எடை போடச் சொன்னால் மாணவர் அவ்விலையைத் தாமே அறிவர். திரையில் கண்ட அடையாளத்தை நம்பிக் காட்டுக்காளானை உண்ணலாகாது. மழைக்குப்பின் புல்வெளியில் வெள்ளைக் குடையாய் எழும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் உண்ணத்தக்கதுபோல் தோன்றும். தின்றால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.