நிறுவு என்ற வினை

'இன்ஸ்டிட்யூஷனல்' என்ற ஆங்கிலப் பெயரடையை 'நிறுவன' என்று தமிழாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வணிகப் பக்கத்தில் அது பொருந்தும். காப்பீட்டுக் கழகமும் ஓய்வூதிய நிதியமும் பங்கு வாங்கினால் அவை நிறுவன முதலீட்டாளர்கள். ஆனால் 'நிறுவன இனவெறி' என்று படிக்கும் வாசகர், ஏதோவொரு கம்பெனியில் நடந்த விவகாரம் என்றே எடுத்துக்கொள்வார். இன்றைய பேச்சில் நிறுவனம் என்றால் கம்பெனிதானே.

வேருக்குப் போனால் இரு மொழிகளும் ஒரே படிக்கட்டில் ஏறியிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் மூலமான லத்தீனில் 'ஸ்தாரே' நிற்றல்; 'ஸ்தாத்துவேரே' நிற்கச் செய்தல்; முன்னொட்டுச் சேர்ந்த 'இன்ஸ்தித்துவேரே' நிறுவுதல். தமிழில் நில், நிறு, நிறுவு, நிறுவனம்.

'இன்ஸ்டிட்யூஷனல்' என்ற பெயரடையை இனவெறிக்கு எதிராகக் கூர்தீட்டியவர்கள், அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அரசியல் அறிஞர் சார்லஸ் ஹாமில்டனும். அலபாமாவின் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் 1963இல் குண்டுவைத்துக் கறுப்பினச் சிறுமியரைக் கொன்றது தனிமனித இனவெறி என்றார்கள், 1967இல் வந்த 'பிளாக் பவர்' நூலில். அதே ஊரில் சோறும் மருத்துவமும் இல்லாமல் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கறுப்பினக் குழந்தைகள் சாவது இன்னொரு வகை. அங்கே யார் கையிலும் குண்டு இல்லை. சாவு மட்டும் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த அடைமொழி தேவைப்பட்டது.

லண்டனில் 1993 ஏப்ரல் 22 அன்று ஸ்டீவன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர், பேருந்துக்குக் காத்திருந்தபோது வெள்ளையர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். காவல்துறையின் புலனாய்வு சீர்குலைந்தது. ஏன் என்று ஆராய்ந்த மேக்ஃபர்சன் அறிக்கை, 1999இல், பெருநகரக் காவல்துறையின் மீது இதே பெயரடையைச் சூட்டியது. அறியாமை, அக்கறையின்மை, தன்னையறியாத முற்சாய்வு ஆகியவை வழியாகவும் ஓர் அமைப்பு மொத்தமாகத் தவறும் என்றது அதன் விளக்கம்.

தமிழில் சிலர் 'அமைப்புசார்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. அமைப்பு என்றதும், அது தானாகவே அமைந்துவிட்டதுபோல் தொனிக்கிறது. நிறுவு என்ற வினையிலோ நிறுவியவரும் இருக்கிறார், மாற்ற வேண்டியவரும் இருக்கிறார். ஆகவே 'நிறுவனமயமான இனவெறி' என்றே எழுதுவோம்.

2023 மார்ச்சில், லண்டன் பெருநகரக் காவல்துறையை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை, அந்தக் காவல்துறைக்கு அதே பெயரடையை மீண்டும் சூட்டியது. காவல்துறை ஆணையர் மார்க் ரௌலி அறிக்கையின் முடிவுகளை ஏற்றார். அந்தச் சொல்லை மட்டும் பயன்படுத்த மறுத்தார்.