பிளஸ் டூவும் உயர்தரமும்: இரண்டு தராசு, ஒரே மூன்று பாடம்

திருச்சியில் ஒரு பிளஸ் ஒன் மாணவி இயற்பியல் நோட்டில் 'வேகம்' என்று எழுதினால் அதற்குத் திசை கிடையாது. திசையும் சேர்ந்தால் அது 'திசைவேகம்'. யாழ்ப்பாணத்தில் 12ஆம் தரத்து மாணவி பௌதிகவியல் கொப்பியில் 'வேகம்' என்று எழுதினால் அதற்குள் திசை ஏற்கெனவே இருக்கிறது. திசையில்லாததற்கு அங்கே 'கதி' என்று பெயர். ஒரே சொல், இரு பொருள். முடுக்கமும் ஆர்முடுகலும் இதற்கு நேர்மாறு: கேட்க இரண்டு சொல், பொருள் ஒன்றே. தமிழ்நாட்டின் பிளஸ் டூவையும் இலங்கையின் உயர்தரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இந்த எச்சரிக்கையோடு தொடங்குவது நல்லது. ஒன்றுபோல் தெரிவது உள்ளே வேறாக இருக்கும். வேறாகத் தெரிவது போகப்போக ஒன்றாகிவிடும். இந்த இரண்டாண்டுப் படிப்பில் இப்போது அடியெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு கரையைப் பார்த்து மறு கரை கற்றுக்கொள்ளக்கூடியவை பல உண்டு.

முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கை. இக்கரையில், தமிழ்நாட்டில், ஆறு பாடம், 600 மதிப்பெண். அக்கரையில், இலங்கையில், முன்பு நான்காக இருந்தது, 2000ஆம் ஆண்டையொட்டிய சீர்திருத்தத்தில் மூன்றாகச் சுருங்கியது. அகலம் வேண்டுமா, ஆழம் வேண்டுமா என்ற கேள்விக்கு இருவரும் எதிரெதிர் விடை சொல்லிவிட்டதாகத் தோன்றும்.

ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, கூட்டினால் 200. ஆறில் மூன்று பாடம் அந்த இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுகிற மூன்றும், அக்கரையில் 'மட்ஸ்' பிரிவில் சேர்ந்த மாணவர் முதல் நாளே எடுத்துக்கொண்ட இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்ற அதே மூன்று. வேறுபாடு எடையில் இருக்கிறது. அக்கரையில் மூன்றும் சமம். இக்கரையில் கணிதம் மட்டும் பாதித் தட்டை நிரப்புகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையோ தோழர்களின் தேர்வையோ பார்த்துக் குரூப் என்ற பாடப்பிரிவை எடுக்கும் பிள்ளை இந்த எடையை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். துணையில்லாமல் ஒரு கடினக் கணக்கோடு அரைமணி நேரம் உட்கார மனம் வருகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்க்கட்டும். எந்தக் கரையானாலும் குரூப்பைத் தேர்ந்துகொள்ள அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

அடுத்தது தராசு. தமிழ்நாட்டில் மதிப்பெண்ணை அப்படியே கூட்டுகிறோம். இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி. பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுக்கிறார்கள். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு பாடத்தின் சராசரி 40, விலகல் 15 என்றால் அதில் 70 வாங்கியவரின் இசட் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 20 என்றால் அதில் 80 வாங்கியவரின் இசட் 1 மட்டுமே. எண்பதைவிட எழுபது இரு மடங்கு உயரத்தில் நிற்கிறது. உடன் எழுதிய எல்லோரும் சேர்ந்துதான் அங்கே ஒரு புள்ளியின் மதிப்பைத் தீர்மானிக்கிறார்கள். எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது அதனால் எவ்வளவு முக்கியம் என்பதை 2011 பெறுபேறுகள் காட்டின. பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளியை, மறு ஆண்டு நாட்டின் தலைமை நீதிமன்றம் செல்லாதென்றது.

இக்கரையில் அப்படி இல்லை, என் மதிப்பெண் என்னுடையது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் கட்-ஆஃப் ஏறுகிறது. கடினமாக வந்த ஆண்டில் இறங்குகிறது. சென்ற ஆண்டு 190க்குக் கிடைத்த கல்லூரி இந்த ஆண்டும் அதே 190க்குக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆக, இரண்டு இடத்திலும் கூட்டம்தான் எடை போடுகிறது. அக்கரையில் அது சூத்திரத்துக்குள்ளேயே வெளிப்படையாக இருக்கிறது. இக்கரையில் முடிவு வந்த பிறகு தரவரிசையாக வெளியே வருகிறது. தேர்வறையில் இதை நினைவில் வைத்திருப்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. வினாத்தாள் கடினமென்றால் அது எல்லோருக்கும் கடினம். அந்த நேரத்தில் பதறிக் கைவிடாமல், தெரிந்த படிகளை எழுதிவைப்பவரே அன்று முன்னே போகிறார்.

காலத்தை இருவரும் பங்கிடும் விதம் இன்னும் சுவையானது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு ஆண்டும் பிளஸ் டூவையே நடத்தும் வழக்கம் சில பள்ளிகளில் வேரூன்றியபோது, அதைத் தடுக்கத் தமிழ்நாடு 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. உயர்தரத்திலோ நடுவில் நாடு தழுவிய பரீட்சை கிடையாது; தவணைப் பரீட்சைகள் மட்டும்தான். ஆக இரண்டு கரையும் இப்போது ஒன்றுபோல் தெரிகின்றன. 'வேகம்' என்ற சொல்லைப் போலத்தான் இதுவும். அக்கரையில் நடுவில் பரீட்சை இல்லை, ஆனால் இரண்டாண்டுப் பாடமும் கடைசிப் பரீட்சைக்கு வரும். இக்கரையில் நடுவில் பொதுத்தேர்வு இல்லை, கடைசித் தேர்வில் பிளஸ் டூ பாடம் மட்டுமே வரும்.

அதனால் சறுக்கும் இடமும் வேறு. 12ஆம் தரத்தில் தவறவிட்ட அலகு யாழ்ப்பாண மாணவியைப் பரீட்சை மண்டபத்தில் மறிக்கும். அதை அவள் முன்பே அறிவாள். பிளஸ் ஒன்னில் தவறவிட்ட இயக்கவியலும் வெப்பமும் திருச்சி மாணவியைப் பொதுத்தேர்வில் ஒன்றும் செய்யாது, நீட், ஜே.இ.இ. நுழைவுத்தேர்வுகளிலோ, பொறியியல் முதலாண்டு வகுப்பிலோ எதிரே வந்து நிற்கும். கணிதத்தில் அவ்வளவு நாள் கூடக் காத்திருக்காது. பிளஸ் ஒன்னில் வகையிடலைச் சரியாகக் கற்காதவருக்குப் பிளஸ் டூவில் அதன் பயன்பாடுகள் பிடிபடாது. பிளஸ் ஒன் மாணவர் தன் முதலாண்டை, கடைசியில் கேள்வி வரப்போகிறது என்ற நினைப்போடு உயர்தர மாணவரைப் போலப் படிக்கட்டும். இப்போதைய மாற்றத்தின் ஆபத்திலிருந்து அவரைக் காப்பது அந்த நினைப்புதான்.

இருவரின் மேசையிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டு மாணவரின் மேசையில் பாடநூல். தேர்வின் எல்லை அந்த நூலின் அட்டையோடு முடிகிறது. புக் பேக் கேள்விகளை முழுதாக முடித்தவருக்கு ஒரு மதிப்பெண் பகுதியில் பயம் குறைவு. இலங்கை மாணவரின் மேசையில் ரியூசன் வகுப்பின் அச்சுக் குறிப்பான ரியூட்டும் வளநூலும் கடந்தகால வினாத்தாள் கட்டும், அவற்றோடு புள்ளித்திட்டமும். அங்கே எல்லை வரைவது இதுவரை கேட்கப்பட்ட கேள்விகள். ஒருவர் நூலிலிருந்து கேள்விக்கு வருகிறார். மற்றவர் கேள்வியிலிருந்து பாடத்துக்குப் போகிறார்.

இரண்டு வழியிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது, அது இரண்டிலும் ஒரே குறை. நூலின் வரியை மனப்பாடம் செய்தவர் எண்களை மாற்றிக் கேட்டால் திகைக்கிறார். பழைய வினாவின் அச்சைப் பழகியவர் புது வடிவக் கேள்வி வந்தால் திகைக்கிறார். மருந்தும் எதிர்க் கரையிலேயே இருக்கிறது. பிளஸ் டூ மாணவர் உயர்தர பௌதிகவியல் பரீட்சையின் அமைப்புக் கட்டுரை வினா ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஒரு பரிசோதனையைக் காட்டி, ஏன் இந்தக் கருவி, ஏன் இந்த வரைபு, பிழையை எப்படிக் குறைப்பாய் என்று அது படிப்படியாகக் குடைந்து கேட்கும். உயர்தர மாணவர் தமிழ்நாட்டுப் பாடநூலின் ஓர் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் விடாமல் வாசித்துப் பார்க்கலாம். ரியூட்டில் துண்டு துண்டாகக் கிடைத்தவை அங்கே ஒரே கோவையாக வரும். கலைச்சொல் முதலில் இடறும். அந்த இடறலும் நல்லதே. சொல் மாறினாலும் பொருள் நிற்கிறதா என்று அது சோதிக்கிறது.

மருத்துவம் நாடுவோரிடம் இன்னொரு எதிர்பாராத உறவு தெரிகிறது. பிளஸ் டூ உயிரியல் மாணவர் இரண்டு தேர்வுக்குப் படிக்கிறார்: பொதுத்தேர்வுக்கு விரிவாக எழுதிப் பழக வேண்டும், நீட்டுக்கு 180 நிமிடத்தில் 180 கேள்விகளில் சரியான விடையைக் குறிக்க வேண்டும். உயர்தர 'பயோ' மாணவருக்கு ஒரே பரீட்சை போதும். ஆனால் அந்த ஒன்றுக்குள்ளேயே இரண்டு இருக்கிறது: முதல் வினாத்தாளில் இரண்டு மணி நேரத்தில் 50 பல்தேர்வு, இரண்டாவதில் மூன்று மணி நேரம் அமைப்பும் கட்டுரையும். இரு கரையிலும் கைக்கு வேண்டிய பயிற்சி இரண்டுதான்: விரைந்து தெரிவு செய்வதும், நிதானமாக விளக்கி எழுதுவதும். நீட்டில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். உயர்தரப் பல்தேர்வில் கழியாது. ஆகவே தெரியாத கேள்வியை விட்டுவிடும் துணிவு ஒருவருக்கு வேண்டும். ஒன்றையும் விடாமல் குறித்துவிடும் ஒழுங்கு மற்றவருக்கு வேண்டும்.

இரண்டாம் முறை எழுதுவதைப் பற்றி இரு சமூகங்களும் வெகுகாலம் வேறுவேறாகவே நினைத்தன. உயர்தரத்தில் மூன்று முறை வரை தோற்றிப் பல்கலைக்கழகத்துக்கு முயலலாம். இரண்டாம் தடவை எழுதுவதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. பிளஸ் டூவில் துணைத்தேர்வு என்பது தவறியவர் தேர்ச்சி பெறுவதற்கான வாசல். மறுமுறை எழுதுபவர் என்றால் தோற்றவர் என்றே ஊர் பொருள்கொண்டது. 2017க்குப் பின், நீட்டுக்காக ஓராண்டு காத்திருக்கும் 'ரிப்பீட்டர்' தமிழ்நாட்டு வீடுகளுக்கும் பழகிய பெயராகிவிட்டது. இதில் அக்கரையின் நீண்ட அனுபவம் உதவும். எத்தனை முறை, எந்தப் பாடத்துக்காக, எதுவரை என்பதை முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் பேசித் தீர்த்துவிடுவது நல்லது. பெறுபேறு கையில் கிடைத்த நாளின் துயரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் படிக்கிற பிள்ளையின் முடிவாக இருப்பதில்லை.

வாசலைப் பங்கிடும் முறையிலும் இதே ஊடாட்டம். இலங்கையில் அளவை ஊர்: பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காடு தீவு முழுவதற்குமான திறமைக்கு, 55 விழுக்காடு மாவட்டங்களுக்கு, 5 விழுக்காடு கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. தமிழ்நாட்டில் அளவை சமூகம்: 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு. வெவ்வேறு நிலத்தில் விளைந்த ஒரே மதிப்பெண் ஒரே உழைப்பைக் காட்டுவதில்லை என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன. அளவை தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் இலங்கையின் மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்டது. அந்தக் காயத்தின் வலியை ஒரு தலைமுறையே சுமந்தது. இன்று தொடங்கும் பிள்ளைக்கு இதிலிருந்து கிடைப்பது ஓர் எளிய தெளிவு: தான் நிற்கும் வரிசை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டு உறக்கம் கெட வேண்டியதில்லை.

கடைசியாக, இரு தராசும் எடை போடாமல் விடுவது எது? பொறியியல் கட்-ஆஃபில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடமில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலத்தின் புள்ளி இசட் கணக்கில் சேராது. ஆறும் மூன்றும் என்று தொடங்கிய நம் ஒப்பீட்டில் இதுவே ஆழமான உறவு: இரு கரையும் மொழியைப் படிக்கச் சொல்லிவிட்டு, வாசலில் அதைக் கேட்காமல் உள்ளே விடுகின்றன. உள்ளே போன முதல் வாரத்தில் நூலும் விரிவுரையும் ஆங்கிலத்தில் எதிரே வருகின்றன. தமிழ்வழியில் நன்றாகப் படித்துவந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த பாடத்தையே தெரியாததுபோல் கேட்டுக்கொண்டு உட்கார நேர்வது அப்போதுதான்.

ஆகையால் இரு கரைப் பிள்ளைகளுக்கும் ஒரே வேண்டுகோள். எடை போடப்படும் மூன்று பாடத்துக்கு நாளின் பெரும்பகுதியைத் தாருங்கள். தந்தே ஆக வேண்டும். மீதியில் அரைமணியை எடை போடப்படாத மொழிக்கு ஒதுக்குங்கள். இன்று வகுப்பில் படித்த ஒரு பத்தியை ஆங்கிலத்தில் தேடி வாசித்து, புரிந்ததைத் தமிழில் நான்கு வரி எழுதிவையுங்கள். 'திசைவேகம்' என்று எழுதுபவரும் 'வேகம்' என்று எழுதுபவரும் ஒரே ஆங்கிலச் சொல்லின் எதிரே போய் நிற்பார்கள். அன்று அந்தச் சொல்லின் பொருளை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது. அது அவர்களுக்கு ஏற்கெனவே தமிழில் தெரியும்.