சிறார் பதற்றக் கோளாறும் ஆத்திர வெடிப்பும்

வயதுக்கு மீறிய அச்சம் வாரக்கணக்கில் நீடித்துப் படிப்பையும் உறக்கத்தையும் குலைப்பது சிறார் பதற்றக் கோளாறு. பெற்றோரைப் பிரிய அஞ்சுதல், பிறர்முன் பேச அஞ்சுதல், குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு மிரளுதல், எதையெடுத்தாலும் கவலைப்படுதல் எனப் பல வகைப்படும். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உண்டு.

பயத்தைப் பயமென்று சொல்லப் பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் வயிறு வலிக்கும். வற்புறுத்தினால் புத்தகப்பை பறக்கும். வீட்டில் அதற்கு அடம், திமிர் என்று பெயர். ஆனால் எல்லா ஆத்திரத்துக்கும் பதற்றமே காரணமன்று. வாரம் மூன்று முறையாவது வெடித்து, இடைப்பட்ட நாட்களிலும் சிடுசிடுப்பு மாறாமல் ஓராண்டு நீடிப்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தனிக் கோளாறாக வகுத்தது.

காஞ்சிபுரத்தில் பிள்ளைகளின் அச்சத்துக்குத் தறியோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு நெசவாளர் ஒருவர் போதாது. மறுகரை நாடாவை வீசித்தரத் துணையாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்களே உட்கார்ந்தார்கள், பலர் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக. கொத்தடிமை முறை 1976லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தும், பட்டுத்தொழிலில் சிறுவர்கள் பட்ட அடியையும் வசவையும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் காஞ்சிபுரத்தையும் சேர்த்துப் பதிவு செய்தது. தறியடியில் அடிக்குப் பயந்து நடுங்குவது நோயல்ல, நியாயமான அச்சம். தறியை விட்டு மாதங்கள் ஆகியும், ஆசிரியர் குரல் உயர்ந்தாலே உடல் விறைத்தால் சிகிச்சை தேவை. இதை மருத்துவர்கள் பெரும்பாலும் அதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு எனப் பிரித்துப் பார்ப்பார்கள். தறியிலிருந்து மீட்ட பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு வேலை முடிந்ததென்று கணக்கை மூடுவது, என் பார்வையில், பாதி மீட்பே.

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதும், சோளிங்கர் மலைக்கோயிலுக்கு அழைத்துப்போவதும் இப்பகுதி வழக்கம். கயிற்றால் கெடுதல் இல்லை. அதை நம்பி மருத்துவரிடம் போகத் தாமதிப்பதில்தான் கெடுதல். அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே முதல் வழி. 7 முதல் 17 வயதுடைய 488 பேரிடம் நடந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இச்சிகிச்சையோடு செர்ட்ராலின் மாத்திரையும் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினர் தேறினர். சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55. மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் தர வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. பிள்ளை அடிபடுவதாகவோ வேலைக்கு அமர்த்தப்பட்டதாகவோ தெரிந்தால் அழைக்க வேண்டிய சிறார் உதவி எண் 1098.