பகடைக்குள் இருப்பது

பகடை என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவில் முதலில் எழுகிற முகம் சகுனியுடையது. அடுத்து, நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் வரிசையாகப் பணயம் வைத்த தருமன். அதற்கும் அடுத்து, அரசிழந்து காடேகிய நளன். வில்லிபுத்தூரார் சூதுபோர்ச் சருக்கம் பாடினார். புகழேந்தி நளவெண்பா பாடினார். பாரதி பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதியை 1912இல் வெளியிட்டார். வள்ளுவரோ 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். பகடையை உருட்டியவனைப் பற்றி நம் இலக்கியம் நிறையப் பேசியிருக்கிறது. அதைச் செய்தவனைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. ஆட்டம் நேர்மையானதா என்பது கட்டை உருளும்போது முடிவாவதில்லை. கட்டை உருவாகும்போதே, அதன் உள்ளே முடிவாகிவிடுகிறது. இக்கட்டுரை அந்த உள்ளைப் பற்றியது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். பழந்தமிழில் பகடைக்குக் கவறு என்று பெயர். வள்ளுவர் உருளாயம் என்ற சொல்லையும் ஆள்கிறார். சூதாடும் இடம் கழகம். இன்று கல்விக்கும் அரசியலுக்கும் உரியதாகிவிட்ட இச்சொல்லை அன்று கவறாடும் களத்துக்கு வழங்கினர் என்பது மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் சிரிப்பை வரவழைக்கும் செய்தி. நெய்தற்கலியில் ஒரு காட்சி உண்டு (கலித்தொகை 136). கடற்கரை மணல்மேட்டில் நண்டு ஓடிய வரிகளைக் காணும் புலவருக்கு, கழகத்தில் ஓயாமல் உருட்டப்பட்ட கவறுகள் பதித்த வடு நினைவுக்கு வருகிறது. அதே பாட்டில் தலைவியின் மகிழ்ச்சிக்கு உவமையாக வருவது, பத்து என்னும் எண் விழப்பெற்றவனின் மனக்களிப்பு. ஆட்டத்தை அருகிருந்து பார்த்தவரே இப்படி எழுத முடியும். தரையில் வடு விழவேண்டுமானால் கவற்றுக்கு எடையும் கூர்மையான விளிம்பும் இருந்திருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கும் அப்பாட்டு இடமளிக்கிறது.

புறநானூற்றின் 52ஆம் பாட்டு இதற்கு மறுதலையான ஒரு காட்சியைக் காட்டும். மருதன் இளநாகனார் பாடியது. பாழ்பட்ட பொதியிலில், நரைத்த முதியவர்கள் காய் இட்டு ஆடியதால் குழிந்துபோன வல்லாட்ட இடம் இருக்கிறது. ஆட ஆளில்லாத அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. போரின் அழிவைச் சொல்ல வந்த புலவர் இடிந்த மதிலைக் காட்டாமல், ஆட்டம் நின்றுபோன குழியைக் காட்டினார். ஓர் ஊர் உயிரோடு இருந்ததற்கு அதன் விளையாட்டே சான்றாக நிற்கிறது.

அந்தச் சான்று மண்ணுக்கடியிலிருந்தும் கிடைத்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த கீழடியில் 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. நான்காம் கட்டம் முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்தது. 2019 செப்டம்பரில் வெளியான அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று சொன்னதும், அதையொட்டி எழுந்த விவாதங்களும் வாசகர்கள் அறிந்தவை. அங்கே கிடைத்த பொருள்களில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் பகடைகளும் அடக்கம். பகடைகளில் சுடுமண்ணால் ஆனவை உண்டு. தந்தத்தால் ஆனதும் உண்டு. 2023 மார்ச்சில் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டியிருக்கிறார்கள். சங்ககாலத்துப் பகடை செட்டிநாட்டுக் கூரையின் கீழ் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்குள் ஒரு பொருத்தமும் உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பகடை எப்போதும் முகங்கள் கொண்டதாக இருக்கவில்லை. வேதகாலத்துச் சூதாடிகள் உருட்டியவை தான்றிக்காய்கள். அவற்றுக்குப் புள்ளியுமில்லை, பக்கமுமில்லை. அள்ளிய காய்களின் எண்ணிக்கையே கணக்கு. நான்கால் வகுத்து மீதியில்லாமல் வந்தால் கிருதம், மூன்று மிஞ்சினால் திரேதம், இரண்டென்றால் துவாபரம், ஒன்றே ஒன்று மிஞ்சினால் கலி. யுகங்களுக்கு நாம் வழங்கும் பெயர்கள் சூதாட்டத்தின் பெயர்களே. சிந்துவெளியிலோ கனசதுரப் பகடைகள் கிடைத்துள்ளன. மொகஞ்சதாரோப் பகடைகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நான்கு, ஐந்துக்கு எதிரே ஆறு என்ற அமைப்பைக் காண்கிறோம். எதிர்முகங்களைக் கூட்டினால் ஏழு வரவேண்டும் என்ற இன்றைய வழக்கம் அங்கில்லை.

தான்றிக்காயோ தந்தமோ, ஆடியவன் மனத்தில் ஓர் ஐயம் மட்டும் மாறவில்லை: இதற்குள் ஏதோ இருக்கிறது. பாரதத்தின் நளோபாக்கியானத்தில் கலிபுருடன் நளனுக்குள் புகுகிறான்; அவனுடைய துணைவன் துவாபரன் பகடைக்குள் புகுகிறான். தோல்வி நளனுடைய கையில் இல்லை, காயின் உள்ளே குடியேறியிருக்கிறது. பிற்பாடு நளனை விட்டு வெளியேறும் கலி ஒளிந்துகொள்ளும் மரமும் தான்றியே. மக்கள் வழக்கில் உள்ள சகுனி கதை இன்னும் கூர்மையானது. இறந்த தந்தையின் எலும்பால் சகுனி பகடை செய்தான். தந்தையின் ஆவி அதற்குள் இருந்ததால் கேட்ட எண் விழுந்தது என்கிறது அக்கதை. வியாசரின் பாரதத்தில் இது இல்லை. மக்கள் ஏன் இதைச் சேர்த்தார்கள்? ஒருவன் தொடர்ந்து வெல்கிறான் என்றால் அவன் உருட்டும் பொருளின் உட்புறம் நம்முடையதைப் போன்றதாக இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பகடை செய்தவனைப் பற்றி நம்மிடம் வழங்கும் புகழ்பெற்ற கதை ஒரு வஞ்சகனைப் பற்றியதாக அமைந்தது பகடை வினைஞர்களின் நற்பேறின்மை.

இனி செட்டிநாட்டுக்கு வருவோம். காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுப் பெண்கள் ஆடிவந்த தாயத்துக்குரியவை இரண்டு பித்தளைக் கட்டைகள். நீண்டவை, நான்கு முகம் கொண்டவை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், மரப்பாச்சிக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் இடையில் இன்றும் இவற்றைக் காணலாம். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்க இதைவிட நல்ல துணை கிடையாது. வளவில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் வரைந்து, வளையல் துண்டும் சோழியும் புளியங்கொட்டையும் காய்களாக அமர்ந்துவிட்டால் பொழுது விடிவது தெரியாது. பணயம் கிடையாது. வள்ளுவர் கடிந்த சூதிலிருந்து இந்த ஆட்டத்தைப் பிரிப்பது அதுதான்.

கட்டையின் மூன்று முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். நான்காவது முகம் வெறுமை. அதற்கு எண் கிடையாது. ஒரு கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் அதுவே தாயம். தாயம் விழாமல் காய் களத்தில் இறங்காது. தாயம் என்பதற்கு உரிமைப் பங்கு என்றும் பொருள் உண்டல்லவா? களத்தில் பங்கு கேட்கும் உரிமையை அந்த ஒன்று தருகிறது. இரண்டு கட்டைகளும் வெறுமையைக் காட்டினாலோ மதிப்பு பூச்சியமாவதில்லை, பன்னிரண்டாகிவிடுகிறது! நான்கு முகங்கள் இரண்டு சேர்ந்தால் விழக்கூடிய வகைகள் 16. அவற்றில் பன்னிரண்டு விழுவது ஒரே வகையில், ஆறும் அவ்வாறே. தாயம் இரண்டு வகையில், ஐந்து இரண்டு வகையில், இரண்டும் நான்கும் மும்மூன்று வகையில், மூன்று நான்கு வகையில். அரிதாகவும் சற்றே அரிதாகவும் விழும் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கே மறுபடி உருட்டும் உரிமை உண்டு. இந்த விதியை வகுத்தவர்கள் நிகழ்தகவு என்ற சொல்லை அறியார். அதன் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள். காயை வெட்டி, மலையில் தங்கி, உள்கட்டங்களுக்குள் நுழைந்து, நடுவீட்டை அடையும் காய் பழமாகிவிடுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. நான்கு முகங்களும் சம வாய்ப்போடு விழ வேண்டும். அந்தப் பொறுப்பு வார்ப்பவனுடையது. வார்ப்பில் ஒரு பக்கமாகக் காற்றுக்குமிழி தங்கினால் அந்தப் பக்கம் இலேசாகி, மேல்நோக்கி நிற்கும் வாய்ப்பு கூடும். உள்ளீடற்ற வார்ப்பென்றால் சிக்கல் இன்னும் மிகுதி. களிமண்ணால் உட்கரு செய்து, அதைச் சுற்றி மெழுகு அப்பி, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது வார்ப்புக் கலையின் பழைய முறை. உட்கரு நூலிழை நகர்ந்தாலும் சுவரின் கனம் ஒருபக்கம் கூடி, மறுபக்கம் குறையும். வெளியே எவ்வளவு அரம் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பிழை தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்மையாக இருப்பதுதான் அவனுடைய தொழில்.

உலகின் பல நாடுகளில் அண்மை ஆண்டுகளில் ரெசின் பகடைகளைக் கையால் செய்வோர் பெருகியிருக்கிறார்கள். இருபது முகம் வரை கொண்ட பகடைகளை உருட்டிக் கதையாடும் விளையாட்டுகளுக்காக அவை செய்யப்படுகின்றன. ரெசின் நமக்குப் புதிய பொருளாகத் தோன்றலாம். அரக்கும் ஒரு பிசின்தான். உள்ளீடற்ற பொன்நகைக்குள் அரக்கை நிரப்புவது நம் பொற்கொல்லர்களின் வழக்கம். பாண்டவர்களுக்கு முதலில் அரக்கு மாளிகையும் பின்னரே பகடையும் காத்திருந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கைவினைஞர்கள் கையாளும் முறைகளில் ஒன்று கவனிக்கத்தக்கது. முதலில் எண் பொறிக்காத சிறிய வெற்றுக்கட்டை ஒன்றை வண்ண ரெசினில் வார்த்து எடுக்கிறார்கள். பின்னர் பெரிய சிலிக்கோன் அச்சில் தெளிந்த ரெசினைக் கொஞ்சம் ஊற்றி, அது இறுகத் தொடங்கியதும் வெற்றுக்கட்டையை நடுவில் அமர்த்தி, மேலே நிரப்புகிறார்கள். அழுத்தக் கலத்தில் வைத்துக் குமிழிகளை நசுக்குகிறார்கள். இறுகியபின் படிப்படியாக நுண்மை கூடும் தாள்களால் ஈரத்தோடு தேய்த்து, எண்களின் பள்ளத்தில் வண்ணம் ஏற்றுகிறார்கள். கண்ணாடி போன்ற ஒரு பகடைக்குள் எண்ணில்லாத இன்னொரு பகடை மிதப்பதுபோல் தெரிகிறது.

களிமண் உட்கரு வைத்து வார்த்தவனுக்கு இருந்த கவலை இங்கே அப்படியே திரும்பி வருகிறது. உள்ளிருக்கும் கட்டையின் அடர்த்தி வேறாக இருந்தாலும் அது சரியாக நடுவில் நின்றால் தீங்கில்லை; விலகினால் பகடை ஒருபக்கம் சாயும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எபாக்சி ரெசினின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். உப்பை நிறையக் கரைத்த நீரில் பகடை மிதக்கும். சுண்டிவிட்டுச் சுண்டிவிட்டுப் பார்க்கும்போது மறுபடி மறுபடி ஒரே முகம் மேலே வந்தால் அதன் உள்ளம் கோணலானது. பித்தளை மிதக்காது, பலமுறை உருட்டிக் குறித்துக்கொள்வதுதான் அதற்குச் சோதனை.

சுடுமண் பகடை ஈராயிரம் ஆண்டுகள் வைகைக்கரை மண்ணில் கெடாமல் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்தத்துக்கு மாற்றாக வந்த செல்லுலாய்டில் செய்த பகடைகள் பலவும் சில பத்தாண்டுகளிலேயே தாமாக வெடித்து உதிர்ந்தன. இன்றைய ரெசின் எத்தனை காலம் நிற்குமோ, காலம் சொல்லட்டும். வினைஞனின் கேள்வி மட்டும் பொருளோடு மாறுவதில்லை. அதனால்தான் கீழடி அருங்காட்சியகத்துக்கும் செட்டிநாட்டு வளவுக்கும் உள்ள பொருத்தத்தைக் கூரையில் மட்டும் தேட வேண்டியதில்லை என்கிறேன். இரண்டிடத்திலும் பெயர் தெரியாத ஒருவர், தாம் ஆடப்போகாத ஓர் ஆட்டத்துக்காக, யாரும் திறந்து பார்க்கப்போகாத ஓர் உட்புறத்தை ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கிறார். சகுனியை ஆயிரம் முறை பாடிவிட்டோம். அந்தப் பெயர் தெரியாதவருக்கு ஒரு வரியாவது எழுதலாம்.