மனைக்குள் அடங்காத நீர்: வேளச்சேரியின் பட்டறிவும் பள்ளிக்கரணை வீட்டுத் திட்டமும்

பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 15 ஏக்கரில் 1,250 அடுக்குமாடி வீடுகள் கட்டும் பிரிகேட் நிறுவனத்தின் திட்டத்துக்கு 2025 ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அடுத்த சில நாள்களிலேயே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் திட்ட அனுமதி வழங்கியது. அந்த இடம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் வருகிறது என்று அதே ஆண்டு அக்டோபரில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம்சாட்டியது. அது பட்டா நிலம், காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது என்று அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. அக்டோபர் 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதமே, ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், செல்வாக்கு மண்டலம் (ஈரநிலத்தைப் பாதிக்கும் சுற்றுப்பகுதி) அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு உத்தரவிட்டிருந்தது. இந்த வழக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: குறிப்பிட்ட சர்வே எண்கள் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? சட்டப்படி இது தேவையான கேள்விதான். ஆனால் இதற்கு எந்த விடை கிடைத்தாலும் சுற்றுவட்டார மக்களின் அச்சம் தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம். அனுமதியைத் தீர்மானிக்கும் அலகாக மனை இருக்கும்வரை சதுப்பு நிலத்தையும் காக்க முடியாது, அதை ஒட்டி வாழ்பவர்களையும் காக்க முடியாது. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் அந்த அலகாக வேண்டும்.

இதற்கான சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை, வேளச்சேரியிலேயே இருக்கிறது. 265 ஏக்கர் பரப்பில் இருந்ததாகச் சொல்லப்படும் வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருங்கியதற்குத் திருட்டுத்தனமான ஆக்கிரமிப்பை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஏரி நிலத்தில் ஒரு பகுதியை வீட்டுவசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் கொடுத்தது அரசேதான். சாலைகள் வந்தன, மனைப்பிரிவுகள் அங்கீகரிக்கப்பட்டன, வங்கிகள் கடன் தந்தன. முறையான பத்திரம், முறையான வரைபட அனுமதி, முறையான சொத்து வரி ரசீது எல்லாம் கையில் இருந்தவர்களின் வீடுகளிலும் 2015 டிசம்பரில் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் புகுந்தது. ராம் நகர், விஜயநகர், ஏ.ஜி.எஸ். காலனி ஆகிய பெயர்கள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் செய்தியில் வருகின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, மழை தொடங்கும் முன்பே மக்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஓர் ஊர் தன் வெள்ள மட்டத்தை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரியவில்லை. பத்திரம் நிலத்தின் உரிமையை மட்டுமே சொல்லும், நிலத்தின் மட்டத்தைச் சொல்லாது.

வேளச்சேரியும் பெரும்பாக்கமும் ஒரே நீர்வழியின் உறுப்புகள். தென்சென்னையிலும் அதன் புறநகரிலும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து, வீராங்கால் ஓடை போன்ற வாய்க்கால்கள் வழியாகப் பள்ளிக்கரணைக்கு வருகிறது. அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு என்னும் ஒரு குறுகிய வாயில் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடிக் கோவளம் பக்கம் கடலைச் சேர்கிறது. கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த நிலம் என்பதால் கால்வாய் நிறைந்திருக்கும்போதும் கடல் ஏறியிருக்கும்போதும் நீர் வடிய நாளாகும். வடியும்வரை அதைத் தாங்கி வைத்திருப்பது சதுப்பு நிலத்தின் வேலை. அந்த இடம் ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இன்று காப்புக்காடாக இருப்பது சுமார் 700 ஹெக்டேர். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். பெருங்குடிக் குப்பைமேடு ஒரு பகுதியை விழுங்கியது, துரைப்பாக்கம் ரேடியல் சாலை நிலத்தை இரண்டாக வெட்டியது, கல்வி நிறுவனங்களும் மென்பொருள் வளாகங்களும் ஓரங்களை எடுத்துக்கொண்டன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகவே முடிவு செய்யப்பட்டவை. தனியாகப் பார்த்தால் எந்த மனையும் வெள்ளத்தை உண்டாக்குவதில்லை. 15 ஏக்கரை ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினால் சுமார் ஆறு கோடி லிட்டர் நீர் நிற்கும் இடம் இல்லாமல் போகிறது. மொத்த வெள்ளத்தில் இது சிறு பங்குதான் என்று திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் 5,000 ஹெக்டேர் இந்த அளவுக்குச் சுருங்கியதும் இப்படிப்பட்ட சிறு பங்குகளாகத்தான்.

முதல் மறுப்பு சொத்துரிமையைப் பற்றியது. பட்டா வைத்திருப்பவர் தன் நிலத்தில் கட்டக் கூடாது என்றால் அது அநீதி இல்லையா? இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. ஆனால் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் உரிமையாளர் யார் என்று பார்ப்பதில்லை. ராம்சார் நிலங்களுக்கு அவை நேரடியாகப் பொருந்தும். ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை அவை தடுக்கின்றன. நிலத்துக்கு வெளியே இருந்தும் அதைப் பாதிக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் செல்வாக்கு மண்டலம் என்று ஏற்கின்றன. எல்லை இன்னும் தரையில் அளந்து முடியவில்லை என்பது அனுமதியைத் தள்ளிவைக்கக் காரணமாகலாம், அவசரமாக வழங்கக் காரணமாக முடியாது. உண்மையான பட்டாதாரருக்கு இழப்பீடு தரும் வழியும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமையை அனுமதிக்கின்றன. மேட்டுநிலத்தில் கூடுதல் தளப்பரப்பைக் கொடுத்துத் தாழ்நிலத்தை விடுவிக்க அதைப் பயன்படுத்தலாம்.

பொறியியல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. தரைத்தளத்தை உயர்த்தலாம், பெரிய வடிகால் போடலாம், மோட்டார் வைத்து இறைக்கலாம். உயர்த்தப்பட்ட வளாகத்தில் குடியிருப்பவருக்கு இது பயன்தரும் என்பதை மறுக்கவில்லை. அடுத்த தெருவில் இருப்பவருக்கு நடப்பதுதான் பிரச்சினை. வேளச்சேரியின் பழைய தெருக்களில் சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் ஏறி, இப்போது பல வீடுகளுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். வாசலில் செங்கல் தடுப்புக் கட்டி, மழைக்காலத்தில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். பக்கத்தில் எழும் ஒவ்வொரு புதிய கட்டடமும் இந்த வீடுகளை மேலும் பள்ளமாக்குகிறது. இறைத்த நீரும், வடிகாலில் ஓடும் நீரும் போய்ச் சேருமிடம் அதே பள்ளிக்கரணை. சேமிக்கும் இடத்தைக் குறைத்துவிட்டு, சேர்க்கும் வேகத்தைக் கூட்டுவது தீர்வாகாது. மண்ணின் தன்மையும் கணக்கில் வர வேண்டும்: மிக்ஜாம் நாளில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழ்குழி சரிந்து இருவர் இறந்தனர்.

வேளச்சேரிக்காரர்களே ஏரியில் வீடு கட்டியவர்கள், இனி வருபவர்களைத் தடுக்க அவர்களுக்கு என்ன தகுதி என்ற கேள்வியும் எழுகிறது. இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. ஆனால் தவறான அனுமதியின் விலையைக் கொடுத்தவர் சொல்லும் சாட்சியம் வலிமை மிக்கது. அதை வாங்கியவரின் குற்றமாகத் திருப்புவது, அனுமதி கொடுத்தவரை விடுவிப்பதாகும். இதில் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. ஏரிக்கரையில் பல ஆண்டுகளாக வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர் கிடைக்கிறது. அகற்றப்படுவோமோ என்ற அச்சத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கு வீடு கொடுக்கப்பட்டதோ பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும், அதாவது இதே தாழ்நிலத்தில். நீர்நிலையைக் காக்கிறோம் என்று சொல்லி ஏழைகளை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு, அதன் பக்கத்திலேயே விலையுயர்ந்த அடுக்குமாடிகளுக்கு அனுமதி தருவதை எந்தச் சூழலியல் நியாயமும் தாங்காது. நகருக்கு வீடுகள் தேவை என்ற வாதமும் இங்கே பலம் இழக்கிறது. தேவை மிக அதிகமுள்ளவர்களுக்கு எட்டாத வீடுகள் இவை.

ஒரு கிலோமீட்டர் என்ற வரம்பு முரட்டுத்தனமானது என்று கட்டுமானத் துறையினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீர் ஒரு வட்டத்துக்குள் ஓடுவதில்லை; அந்தத் தொலைவுக்குள் பாதிப்பில்லாத மேடும் இருக்கலாம், வெளியே உயிர்நாடியான வாய்க்காலும் இருக்கலாம். எனவே செல்வாக்கு மண்டலத்தை வரையறுக்கும் ஆய்வு தொலைவை அளந்து நின்றுவிடக் கூடாது. 2015, 2023 வெள்ளங்களில் நீர் நின்ற உயரத்தைத் தெருவாரியாகக் குறித்து, ஒக்கியம் மடுவு எவ்வளவு நீரைக் கடத்த முடியும் என்று கணக்கிட்டு, எஞ்சியுள்ள கொள்ளளவை நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் சேர்த்து வெளியிட வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் குடியிருப்போர் அந்த அளவுகளைத் தங்கள் சுவரில் உள்ள வெள்ளக் கறையோடு ஒப்பிட்டுத் திருத்தம் சொல்ல, தமிழில் அச்சிட்ட வரைபடமும் போதிய கால அவகாசமும் தர வேண்டும். அதன்பின் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும், தான் எடுத்துக்கொள்ளும் கொள்ளளவை எங்கே, எப்படி ஈடுகட்டப்போகிறது என்று காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. பெரும்பாக்கத்தின் 15 ஏக்கர் கோட்டுக்கு வெளியே என்று நாளை தீர்ப்பானாலும் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.