ஊர் ஊராகப் போன கோப்பை

1982-ல் கொல்கத்தாவில் பிறந்தது நேரு கோப்பை. இந்திய மண்ணில் உலகத் தரமான கால்பந்தை நம் ஜனங்கள் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய போட்டி. ஆசை நிறைவேறியது. ஆனால் நடத்துவது இந்தியா, ஜெயிப்பது விருந்தாளி என்பதே கால் நூற்றாண்டுக்கு அதன் தலையெழுத்தாகிவிட்டது.

முதல் ஆண்டில் உருகுவே ஜெயித்தது. பின்னாளில் உலகமே கொண்டாடிய என்சோ பிரான்செஸ்கோலி அந்த அணியில் இளம் ஆட்டக்காரராக இங்கே வந்திருந்தார். 1983-ல் கொச்சியில் ஹங்கேரி. 1984-ல் மறுபடியும் கொல்கத்தாவில் போலந்து. அந்தக் கொல்கத்தா போட்டிக்குத்தான் கார்லோஸ் பிலார்டோ தன் அர்ஜென்டினாவைக் கூட்டி வந்தார். இரண்டே ஆண்டில் மெக்சிகோவில் உலகக் கோப்பை வென்ற அதே பிலார்டோ. அவருடைய அணியிடம் இந்தியா தோற்றது ஒரே ஒரு கோலில். அடுத்த நான்கு ஆண்டும் சோவியத் யூனியன் காலம்: கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, சிலிகுரி என்று போட்டி எங்கே நடந்தாலும் ஜெயித்தது அவர்கள்தான்.

1993-ல் கோப்பை சென்னைக்கு வந்தது. பெரியமேட்டில் இன்று நாம் பார்க்கும் நேரு ஸ்டேடியம் அந்தப் போட்டிக்காகவே எழுந்தது. சென்னைக் கால்பந்துக்கு ஒரு வீடு கிடைத்ததே இந்தக் கோப்பையின் தயவால்தான் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அங்கே ஜெயித்தது வட கொரியா. 1995-ல் கொல்கத்தாவிலும் 1997-ல் கொச்சியிலும் ஈராக். கொச்சி கலூரில் புதிதாகக் கட்டிய ஸ்டேடியம் மனிதத் தலைகளால் நிரம்பி வழிந்தது. அதோடு போட்டி நின்றது. பத்து வருஷம் யாரும் எழுப்பவில்லை.

அந்தப் பத்து வருஷத்தில் இடுக்கி மலையிலிருந்து ஒரு பையன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

கம்பத்திலிருந்து ஜீப்பில் மெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மாவட்டத்தின் மேல் முனை நன்றாகத் தெரியும். கம்பம்மெட்டு செக்போஸ்டைத் தாண்டினால் நெடுங்கண்டம், கட்டப்பனை, செறுதோணி. அணையையும் குளமாவையும் கடந்து எதிர்ப்பக்கம் இறங்கினால் மலையடிவாரத்தில் மூலமற்றம். இடுக்கி அணையின் தண்ணீர் மலைக்குள்ளேயே விழுந்து இங்கே நிலத்தடி மின்நிலையத்தில் 780 மெகாவாட் மின்சாரமாகிறது. 1976-லிருந்து கேரளத்தின் விளக்குகளை எரியவைக்கிற ஊர். என்.பி. பிரதீப் அந்த ஊர்க்காரர், 1983-ல் பிறந்தவர்.

கேரளக் கால்பந்து என்றால் எல்லோரும் மலப்புறத்தையும் கோழிக்கோட்டையும் திருச்சூரையும்தான் சொல்வார்கள். கடலோரத்திலும் சமவெளியிலும் அறுவடை முடிந்த வயலே மைதானமாகிவிடும். ஏலமும் மிளகும் சரிவில் நிற்கிற இடுக்கியில் பந்தைத் தட்டிவிட்டால் பள்ளத்தில் போய்த்தான் தேட வேண்டும். அதனால் இந்த மலைக்கு வேறொரு புகழ்: ஓட்டக்காரர்களின் பூமி. கொம்பொடிஞ்ஞாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோளும் அவர் தம்பி பினுவும் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் முறையே தங்கமும் வெள்ளியும் எடுத்தார்கள். ஒரே வீட்டுக்கு, ஒரே தூரத்தில், இரண்டு பதக்கம்! அப்படிப்பட்ட மலையிலிருந்து ஒரு நடுக்கள ஆட்டக்காரர் வந்தது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. தொண்ணூறு நிமிடமும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் அந்த இடத்து வேலை. தடுப்பவரிடமிருந்து பந்தை வாங்கி, தாக்குபவரிடம் சேர்த்துவிட்டு, அது பறிபோனால் திரும்ப ஓடி வரவேண்டும். மறுநாள் செய்தித்தாளில் பெரும்பாலும் பெயர் வராது.

கேரளத்தில் அன்று கால்பந்துக்காரனுக்குச் சோறு போட்டவை வங்கிகளும் காவல்துறையும் மின்வாரியமும்தான். பிரதீப்பும் அந்த வழியில்தான் திருவனந்தபுரத்தில் எஸ்.பி.டி. வங்கி அணிக்கு வந்தார். அங்கிருந்து மும்பைக்குப் போய் மஹிந்திரா யுனைடெட் சட்டை போட்டார். பாப் ஹௌட்டன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் இந்திய அணியைத் திரட்டியபோது அதில் அவருக்கும் இடம் இருந்தது.

2007 ஆகஸ்டில் தில்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் நேரு கோப்பை மறுபடி கண் விழித்தது. பழைய ஜாம்பவான்கள் இல்லை. சிரியா, கிர்கிஸ்தான், கம்போடியா, வங்கதேசம், இந்தியா என ஐந்தே அணிகள். இதை வைத்து அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கம்போடியாவை ஆறு கோலில் நசுக்கிய இந்தியா, லீக் சுற்றில் சிரியாவிடம் 3-2 என்று தோற்றது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே சிரியா.

29 ஆகஸ்ட். பாய்ச்சுங் பூட்டியா இருக்கிறார், சுனில் சேத்ரி இருக்கிறார். கூட்டம் அவர்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, 44-வது நிமிடத்தில், கோல் அடித்தவர் மூலமற்றத்துப் பிரதீப். அதற்குப் பிறகு பாதி ஆட்டம் முழுக்க இந்தியா அந்த ஒரு கோலைக் காத்து நின்றது. 1-0. பன்னிரண்டு முறை விருந்தாளிகளோடு போன கோப்பை பதின்மூன்றாவது முறை இங்கேயே தங்கியது.

ஒரு கோல் எத்தனை கதவைத் திறக்கும் என்பதற்கு அடுத்த வருஷங்களே சாட்சி. ஜெயிக்கலாம் என்ற பழக்கம் அந்த அணிக்கு வந்தது. 2008-ல் அதே மைதானத்தில் தஜிகிஸ்தானை 4-1 என்று வீழ்த்தி ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை எடுத்தார்கள்; 1984-க்குப் பிறகு முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது அதில்தான். 2009 நேரு கோப்பையிலும் சிரியாவை பெனால்டியில் வென்றார்கள். 2011 ஜனவரியில் தோஹா போன அணியில் பிரதீப்பும் இருந்தார். அங்கே ஆஸ்திரேலியாவும் பஹ்ரைனும் தென் கொரியாவும் இந்தியாவை வரிசையாக வீழ்த்தின. அதற்குள் அவருடைய பழைய மஹிந்திரா கிளப்பே இல்லை. 2010-ல் நிறுவனம் அணியைக் கலைத்துவிட்டது. தேசிய லீக்கை வென்ற அணி அது. எஸ்.பி.டி. வங்கியும் 2017-ல் ஸ்டேட் வங்கியோடு கரைந்தது.

கோப்பை இன்னொரு முறை, 2012-ல், தில்லியிலேயே நடந்தது. கேமரூனைப் பெனால்டியில் வென்று மூன்றாவது தடவையும் இந்தியாவே எடுத்தது. அதன் பிறகு நேரு கோப்பை நடக்கவில்லை. 2018-ல் இன்டர்கான்டினென்டல் கோப்பை என்ற வேறொரு போட்டி வந்தது. பதினைந்து நேரு கோப்பைகளில் ஆறு கேரளத்தில் நடந்தவை, அந்த ஆறிலும் இந்தியா ஜெயிக்கவில்லை. கலூரில் 1997-ல் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு அந்தக் கடன் பாக்கி இருக்கிறது. அந்தப் போட்டியை மறுபடி நடத்துவதானால் கொச்சியில் நடத்துங்கள், பிரதீப்பை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.