இராசத்துரோகமும் அரச ஊழியரும்

அரசனின் ஆணையை நிறைவேற்றிய ஊழியன் துரோகியாதல் கூடுமோ? அரசனைக் கொல்லச் சூழ்தல், அவனுக்கெதிராகப் போர் தொடுத்தல், அவன் பகைவர்க்கு உதவுதல் முதலியவற்றையே 1351ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் இராசத்துரோகமென வகுத்தது. அயர்லாந்தை ஆண்ட ஸ்ராபோட் பிரபுவோ முதலாம் சாள்ஸ் மன்னனின் நம்பிக்கைக்குரியவர். ஆயினும், நாட்டின் அடிப்படைச் சட்டங்களைக் கவிழ்க்க முயல்வதும் துரோகமே என 1641இல் பாராளுமன்றத்தார் வாதித்தனர். சட்டத்தாலேயே அரசன் அரசனாதலின், சட்டத்தைச் சிதைப்பவன் அரசனையே சிதைக்கின்றான் என்பது அவர்தம் கருத்து. சிறு குற்றங்கள் பல சேர்ந்தாலும் துரோகமாகா எனப் பிரபு விடையிறுத்தார். விசாரணையில் குற்றத்தை நிலைநாட்ட இயலாமற்போகவே, தனிச்சட்டமொன்றியற்றி, மே 12ஆம் நாள் அவரைச் சிரச்சேதம் செய்வித்தனர். அதற்கு ஒப்புதலளித்தவனும் அம்மன்னனே. 1662இல் பாராளுமன்றமே அச்சட்டத்தை நீக்கியது. அரச ஊழியரும் துரோகமிழைத்தல் கூடும் என்ற கொள்கை வலியதே. ஆயின், சட்டத்தைச் சிதைத்தவனைத் தண்டிப்போரும் சட்டவழி நின்றே தண்டித்தல் வேண்டும்.